அம்மாவின் படத்துக்கு வந்த பூ

அம்மாவின் செத்தவீட்டுக்குத் தம்பியால் வர முடியவில்லை. வெளிநாட்டில் அவனுடைய அகதி வழக்கு முடியாமல் இழுபட்டது; அங்கிருந்து வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. கோப்பாயில் எங்கள் வீட்டு முற்றத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தபோது, மச்சான் ஒருவர் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குள் இருந்துதான் தம்பி அழுதான். அவன் வைக்க வேண்டிய கொள்ளியைப் பெரியப்பாவின் மகன் வைத்தார்.

அடுத்த நாள் பட்டினத்துப் பூக்கடையிலிருந்து ஒரு பெரிய பூங்கொத்து வந்தது. தம்பி அங்கிருந்தே காசு கட்டி அனுப்பியிருந்தான். எல்லாம் வெள்ளை லில்லிப்பூ. எங்கள் வளவில் செவ்வரத்தையும் அலரியும் பார்த்துப் பழகிய சனம், மலைநாட்டிலிருந்து வந்த அந்தப் பூவைக் கிட்டப் போய் மணந்து பார்த்தது. நான் அதை ஒரு சாடிக்குள் தண்ணீர் விட்டு, அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் சின்ன மேசையில் வைத்தேன். படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். “வடிவாயிருக்கு அக்கா” என்று எழுதினான்.

அந்த மேசைக்குக் கீழேதான் அம்மாவின் பூனை படுத்தது. சாம்பல் வரியன், ஒரு காது கிழிந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வரும்வரை அம்மாவுக்குத் துணை அதுதான். தான் மச்சம் தொடாத அம்மா, அதற்காகச் சைக்கிள் மீன்காரரை மறித்துச் சூடை மீன் வாங்குவார். அம்மாவின் கட்டிலைக் கழற்றி வெளியே போட்ட பிறகு, அதற்குப் படுக்க வேறு இடம் தெரியவில்லை.

அதன் முதுகில் மஞ்சளாக ஏதோ பொடி அப்பியிருந்ததைக் கண்டேன். செத்தவீட்டில் மஞ்சள் தூளுக்கா குறைவு? அது நக்கித் துடைத்துக்கொண்டிருந்தது. பிறகு தின்றதையெல்லாம் சத்தி எடுத்தது. சாப்பாட்டை மணந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது.

“கவலையிலை கிடக்குது பிள்ளை” என்றார் பக்கத்து வீட்டு மாமி. “துடக்கு வீட்டிலை மீனும் இல்லை, அம்மாவும் இல்லை. எட்டுச்செலவு முடிய மீன் வாங்கிக் குடு, எழும்பும்.”

எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்குக்கு முன்பே அதனால் எழும்ப முடியாமல் போய்விட்டது. ஒரு கூடையில் துணி விரித்துக் கிடத்தி, ஓட்டோவில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். இளம் பெண். அதன் வயிற்றை அமத்திப் பார்த்தார். முதுகு மயிரை விலக்கிப் பார்த்தார்.

“வீட்டிலை லில்லிப்பூ ஏதும் வைச்சிருக்கிறியளோ, ரீச்சர்?”

“ஓம். அம்மான்ரை படத்துக்கு.”

அவர் விரலில் ஒட்டிய மஞ்சள் பொடியைக் காட்டினார். “அந்தப் பூவின்ரை மகரந்தம்தான் இது. பூனையளுக்குப் பொல்லாத நஞ்சு. நக்கியிருக்கும். சிறுநீரகம் ரெண்டும் பழுதாப் போச்சுது.”

“மருந்து?”

“உடனை கொண்டந்திருந்தா சேலைன் ஏத்திப் பாத்திருக்கலாம்.”

மறுநாள் விடிய அது செத்தது. கிணற்றடித் தேசிமரத்துக்குக் கீழே குழி வெட்டித் தாட்டேன். வந்து போன சனமெல்லாம், “தாயோடையே போயிட்டுது பார்” என்று சொல்லிச் சொல்லிக் கண் கலங்கியது. கதை எனக்கு முன்பே தம்பியிடம் போய்விட்டது.

“அம்மாவைத் தேடித்தான் போயிருக்குது, என்னக்கா?” என்றான். “அதுக்காவது குடுத்து வைச்சிருக்கு.”

“ஓம்” என்றேன்.

மாரியில் ஒரு செம்மஞ்சள் குட்டி மதில் ஏறி வந்து என் காலடியில் நின்று கத்தியது. அதற்கு ஊசி போடப் போனபோது வைத்தியரிடம் எங்கள் வளவில் நிற்கும் பூக்களையெல்லாம் சொல்லி, எது பூனைக்கு நஞ்சு என்று கேட்டேன். வந்ததும் வேலியில் படர்ந்திருந்த கார்த்திகைப்பூக் கொடியைக் கிழங்கோடு கிண்டி எடுத்தேன். அலரியையும் தறித்தேன். காலையில் கோயிலுக்குப் பூப்பறிக்க வரும் மாமி அடிக்கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சாமிக்கு வைக்கிற பூவைப் பூனைக்காகத் தறிச்சனியோ?”

அதற்குப் பிறகு அவர் எங்கள் படலையைத் திறக்கவில்லை.

அம்மா செத்து ஒரு வருசமாகி, ஆட்டைத் திவசம் முடிந்த கிழமை தம்பி காணொளியில் வந்தான். “பிள்ளை கேட்டுக் கேட்டு ஒரு பூனைக்குட்டி வாங்கியாச்சு அக்கா” என்று தூக்கிக் காட்டினான். அவனுக்குப் பின்னால் சுவரில் அம்மாவின் படம். அதன் முன்னால் சாடி நிறைய வெள்ளை லில்லி.

“தம்பி, அந்தப் பூவை முதல்லை வெளியிலை எறி.”

“ஏன்? அம்மாவுக்கெண்டு கிழமைக்குக் கிழமை வைக்கிறனான்.”

“அது பூனைக்கு நஞ்சு. தூள் பட்டாலே காணும், செத்துப்போகும்.”

அவன் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினான். “அப்ப... அம்மான்ரை பூனை?”

நான் தலையாட்டினேன். அவனுக்கு அது போதுமாயிருந்தது.

“நான் அனுப்பின பூவோ அக்கா?”

“உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாதுதானே.”

எழும்பிப் போனான். குப்பை வாளியின் மூடி அடிபடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, ஈரத்துணியால் குட்டியின் காலை ஒவ்வொன்றாகத் துடைத்தான். “அம்மாவுக்கெண்டு நான் செய்தது அது ஒண்டுதான்” என்றான், என்னைப் பார்க்காமல்.

பிறகு நெடுநாள் அவன் கைபேசியில் அழைக்கவில்லை. நான் எடுத்தாலும் மணி அடித்து ஓய்ந்தது. இப்போது எடுக்கிறான். மழை பெய்ததா, கிணற்றில் தண்ணீர் வந்ததா என்று கேட்பான். பூனையைக் காட்டுவான், நன்றாக வளர்ந்துவிட்டது. அம்மாவைப் பற்றி மட்டும் இருவரும் கதைப்பதில்லை.