கருப்பம்மாள் ஏற்றிய சிம்னி

விஸ்வநத்தத்தில் எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்தது அறுபத்திரண்டில். தெருவே கொண்டாடியது. எனக்கு அந்தக் கண்ணாடிக் குமிழைப் பார்த்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அடுத்த வீட்டுக் கருப்பம்மாளை அது படுத்திய பாட்டை நான் பார்த்தவள்.

தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து வரும் மருந்துக் குச்சிகளை நாங்கள் வீட்டில் உட்கார்ந்து பெட்டிகளில் அடைப்போம். குச்சி உள்ளே இருக்கும்வரை வீட்டில் விளக்கு ஏற்றக் கூடாது. பொழுது மங்கியதும் குச்சியும் பெட்டியுமான லோடைக் கட்டிக் கொல்லைக் கொட்டகையில் போட்டுவிட்டுத்தான் சிம்னி விளக்கைக் கொளுத்துவோம். பிறகு பெண்களாகச் சேர்ந்து ஓடைப் பக்கம் போவோம். பகலெல்லாம் மடங்கிக் கிடந்த கால்கள் அப்போதுதான் நீளும். கம்பெனி லோடு கொண்டுவரும் ஏஜெண்டு தங்கச்சாமியைப் போலக் கருப்பம்மாள் நடந்து காட்டுவாள். நான் வாய்விட்டுச் சிரித்ததெல்லாம் அங்கேதான்.

பல்பு வந்ததும் தங்கச்சாமி இரண்டு மடங்கு லோடை இறக்கினார்.

“இனி பொழுது அடைஞ்சா என்ன கருப்பம்மா? வீட்டுக்குள்ளதான் சூரியன் தொங்குதே.”

“சூரியனாச்சும் சாயங்காலம் வீட்டுக்குப் போகுது அண்ணாச்சி.”

அவள் கணவர் சோலைச்சாமியும் ஏஜெண்டோடு சேர்ந்து சிரித்தார். சுவிட்சைப் போடுவது ஒன்றுதான் அவர் வேலை. போட்டுவிட்டு டீக்கடைக்கு ரேடியோ கேட்கப் போய்விடுவார்.

ஓடைக்குப் போகும் கூட்டம் கலைந்தது. அவரவர் அவசரத்துக்கு ஓடிப்போய் ஓடித் திரும்பினோம். ஒருநாள் கருப்பம்மாள் எழுந்திருக்க முடியாமல் எழுந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்.

“செத்த நேரம் வெளிய போயிட்டு வாரேன்” என்றாள் கணவரிடம்.

“வெளிச்சத்தை வீணாக்கவா கரண்டு இழுத்தோம்?”

அவள் கொல்லைப் பக்கம் போனாள். கொல்லை அடுப்பில் சிம்னியைப் பற்றவைத்து, தெரு வழியாகச் சுற்றி வந்து வாசற்படிக்குக் கீழே நின்றாள்.

“விளக்கு உள்ள வருது. லோடை வெளிய எடுங்க.”

“கிறுக்குப் பிடிச்சிருக்கா? அதான் பல்பு எரியுதுல்ல?”

“அது கம்பெனிக்கு எரியுது. இது என் வீட்டுக்கு.”

ஒரு காலைப் படியில் வைத்தாள். அதுவரை ஒரு பெட்டியைக்கூட நகர்த்தியறியாத சோலைச்சாமி, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு லோடைக் கொட்டகைக்குச் சுமந்தார். கடைசிக் குச்சி வெளியேறிய பிறகே அவள் உள்ளே போனாள். சிம்னியை ஆணியில் மாட்டினாள். பல்பை அணைத்துவிட்டு ஓடைப் பக்கம் தனியாக நடந்தாள்.

மறுநாள் பொழுது மங்கும் முன்பே சோலைச்சாமி லோடைக் கட்டத் தொடங்கினார். என் வீட்டில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. மடியில் இருந்த குச்சிகளைத் தள்ளி வைத்துவிட்டு, பரண்மேல் கிடந்த எங்கள் சிம்னியை எடுத்துத் துடைத்தேன்.