பிரேக் கட்டைக் கணக்கு

1993 ஆகஸ்ட் 24. பிரேக் கட்டை நான்கு. ரூ. 10.
2001 ஆகஸ்ட் 20. பிரேக் கட்டை நான்கு. ரூ. 20.
2012 ஆகஸ்ட் 22. பிரேக் கட்டை நான்கு. ரூ. 48.
2013 ஜூலை 14. டிஸ்க் பிரேக் சைக்கிள் ஒன்று (இன்னாசிமுத்து). ரூ. 13,800.

வாங்கிய தேதியும் விலையும் கேட்டு, தன் கணக்கு நோட்டில் கடைசி வரியை எழுதும்போது அடைக்கலராஜுக்கு வயிறு எரிந்தது. அடுத்தவர் பணம்தான். இருந்தாலும் எரிந்தது.

விழுப்புரத்தில் கரும்பு எடைமேடையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர் அவர். இன்னாசிமுத்து திண்டிவனத்துத் தையல்காரர். இருவருக்கும் ஒரு நேர்ச்சை இருந்தது: இருபத்தைந்து வருடம் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குச் சேர்ந்தே சைக்கிளில் போவது. அதில் இருபது முடிந்திருந்தது. ஆகஸ்ட் பிறந்ததும் திண்டிவனத்திலிருந்து ஒரு போஸ்ட்கார்டு வரும். அதில் சொன்ன நாளில் ஆளும் வந்துவிடுவார்.

2013 ஆகஸ்டில் இன்னாசிமுத்து புது சைக்கிளில் விழுப்புரம் வந்து இறங்கினார். பக்கத்துக் காணை ஊரிலிருந்து திருவிழாவுக்குக் கிளம்பி வந்திருந்த கூட்டம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. அடைக்கலராஜ் கணக்கை எடுத்துவைத்தார். இருபது வருடத்தில் தான் போட்ட கட்டையெல்லாம் சேர்த்தாலும் முந்நூறு ரூபாய் தாண்டாது. கடலூர், சிதம்பரம், நாகப்பட்டினம் என்று வழியெல்லாம் சமதரை. அந்த டிஸ்க் பிரேக் தட்டு வளைந்தால் சீர்காழியில் யார் நிமிர்த்துவது?

"நீ வேளாங்கண்ணி போறியா, மலை எறங்கப் போறியா?" என்றார் கடைசியில்.

கூட்டம் சிரித்தது. இன்னாசிமுத்து சிரிக்கவில்லை.

"என் கைக்கு இதான்டா தோது."

"கைக்கு எங்க? நாலு பேரு பாக்கறதுக்குன்னு சொல்லு."

போகும்போதும் வரும்போதும் இன்னாசிமுத்து பின்தங்கியே வந்தார். மறு ஆகஸ்டில் போஸ்ட்கார்டு வரவில்லை. அவனே எழுதட்டும் என்று அடைக்கலராஜ் வீம்பாக இருந்தார். இரண்டு வருடம் தனியாகப் போய்வந்தார். தையல் கடையை இப்போது மகன்தான் பார்க்கிறான் என்று யாரோ சொன்னபோதும் ஏன் என்று கேட்கவில்லை.

2016 மே மாதம் திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எதிர்வரிசையில் இன்னாசிமுத்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஞானமேரி சோற்றைப் பிசைந்து கரண்டியில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் டம்ளரை அவர் இரண்டு உள்ளங்கையாலும் ஏந்திக் குடித்தார். அடைக்கலராஜ் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். கை கழுவும் இடத்தில் ஞானமேரியை நிறுத்திக் கேட்டார்.

"நாலு வருசமா வெரல் மடங்கலீங்க அண்ணே. பழைய சைக்கிள்ல பிரேக்க அழுத்த முடியாம, ஒலக்கூர்கிட்ட நின்னுக்கினு இருந்த லாரியில போய் மோதிட்டாரு. இதுன்னா லேசா தொட்டாலே நிக்குதுன்னு வாங்கனாரு. உங்களோட வரணும்னுதான். உங்கள்ட்ட சொல்லலீங்களா?"

சொல்லியிருந்தார். அத்தனை பேர் முன்னால், ஒரே வரியில்.

சமதரைக்குக் கட்டை பிரேக் போதும் என்று தான் சொன்னதில் அடைக்கலராஜ் இப்போதும் பிழை காணவில்லை. தன் கைக்கு அது போதும். அவன் கையை அவர் பார்க்கவே இல்லை.

பந்திக்குத் திரும்பியபோது இன்னாசிமுத்து புறப்பட்டுப் போயிருந்தார். வீடு வரை போக அடைக்கலராஜுக்கு முகமில்லை. ஜூலை முழுக்க எழுதி எழுதிக் கிழித்தார். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒருவழியாகத் தபாலில் போட்டார்: தப்பு என்னுடையது. அந்த சைக்கிளிலேயே வா. மெதுவாகப் போகலாம், நான் பின்னால் வருகிறேன். விட்ட வருடங்களையும் சேர்த்து முடிப்போம்.

பதில் ஞானமேரியின் கையெழுத்தில் வந்தது. இப்போது ஹேண்டில்பாரையே பிடிக்க முடியவில்லையாம். சைக்கிளைக் குயிலாப்பாளையத்தில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். 'நீ போய் வா. எனக்காகவும் ஒரு மெழுகுவத்தி ஏற்று' என்று அவர் சொல்லச் சொன்னாராம். அதற்குப் பிறகு திண்டிவனத்திலிருந்து கடிதம் வரவில்லை.

அந்தக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த நாள், கணக்கு நோட்டில்: 2016 ஆகஸ்ட் 19.