இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

எங்கள் வீட்டில் எதை வாங்குவதாக இருந்தாலும் எல்லோரும் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள். ஃபிரிட்ஜ் வாங்கியபோது பார்த்தார்கள். அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு எந்த ஆஸ்பத்திரி என்று பேச்சு வந்தபோதும் பார்த்தார்கள். பட்டினப்பாக்கத்தில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியும் முடித்து, லஸ் பக்கம் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்குக் கடல் தெரியும், அம்மாவுக்கு மீனும் மனிதர்களும் தெரியும். அச்சடித்தது எதுவாக இருந்தாலும் அது என்னிடம் வந்துவிடும். அதில் எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன். எனக்கு ஒரு சந்தேகம் வந்தால் கேட்கத்தான் வீட்டில் யாரும் இல்லை.

தங்கைக்கு ஏர் ரைஃபிள் வாங்க வேண்டும் என்று ஆனபோதும் இதேதான் நடந்தது.

தங்கைக்கு அப்போது பதின்மூன்று வயது. அவளுடைய பள்ளியின் பி.டி. டீச்சர் சில பிள்ளைகளை அடையாறில் இருக்கும் ஒரு சின்னப் பயிற்சிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். ஒரு வீட்டின் மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை அது. பத்து மீட்டர் தள்ளி ஓர் அட்டை. அதன் நடுப்புள்ளி குண்டூசித் தலையைவிடச் சின்னது. மற்ற பிள்ளைகள் இரண்டு வாரத்தில் அலுத்துப்போய் நின்றுவிட்டார்கள். இவள் மட்டும் ஒரு வருடமாகப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் ஓர் இடத்தில் நிற்காதவள் அங்கே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதை முதல் நாள் பார்த்தபோது என்னால் நம்ப முடியவில்லை.

"சொந்தமா ரைஃபிள் இல்லாம இதுக்கு மேல போக முடியாதும்மா," என்றார் அவளுடைய பயிற்சியாளர். "இங்க இருக்கறத ஆளாளுக்கு மாத்தி மாத்தி எடுக்கறாங்க. கன்னம் வெக்கற எடத்தை ஒவ்வொருத்தரும் ஒரு உயரத்துக்கு மாத்தி வெச்சிருப்பாங்க. இவ வந்து நிக்கும்போது எல்லாம் மாறிப்போய்க் கிடக்கும். மாவட்ட செலக்‌ஷன் வேற வருது."

"எதை வாங்கணும் சார்?"

"சின்னப் பசங்களுக்குன்னு வர்ற மாடலாப் பாருங்க. நீங்க படிச்சவங்க, விசாரிச்சு எடுத்துடுவீங்க."

அவரும் என் முகத்தைத்தான் பார்த்தார்.

அலுவலகத்தில் விசாரிக்கலாம் என்று பார்த்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சை எடுத்ததும், "ஏர் ரைஃபிளா? கருவாட்டுக்கு வர்ற காக்காயைச் சுடவா?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு டப்பாவை மூடினேன்.

அதன் பிறகு வேலை முடிந்ததும் கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து துப்பாக்கியைப் பற்றிப் படித்தேன். ஸ்பிரிங் வைத்தது சுடும்போது உதைக்கும், காற்றை அடைத்த சிலிண்டர் வைத்தது உதைக்காது என்று தெரிந்துகொண்டேன். கனம் கூடினால் வளர்கிற பிள்ளையின் இடுப்பும் முதுகும் கெட்டுப்போகும். தோளில் பதியும் கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால் விரல் விசைக்கு இயல்பாகப் போய்ச் சேர வேண்டும். கன்னம் படும் இடத்தை ஏற்றி இறக்கும் வசதி இருக்க வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிடிபட்டது. அப்புறம் கண்ணைப் பற்றிய ஒரு பக்கம் வந்தது.

எழுதுவதற்கு ஒரு கை இருப்பதுபோல எல்லோருக்கும் குறி பார்க்க ஒரு கண் இருக்குமாம். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை வைத்து, அதன் வழியாகத் தூரத்தில் ஒரு பொருளைப் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண்ணை மூடும்போது பொருள் மறைகிறதோ அதுதான் குறிக் கண். அன்று வீட்டுக்கு வந்து தங்கையைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னேன். இடது கண்ணை மூடியதும், "காணோம்க்கா," என்றாள்.

இடது கண். பயிற்சிக்கூடத்தில் அவள் வலது தோளில் வைத்துத்தான் சுட்டாள். இடது கண் குறுக்கே வருகிறது என்று பயிற்சியாளர் அதன்மேல் ஓர் ஒட்டுப் போட்டிருந்தார். நிறைய பேருக்கு அப்படித்தான் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

தங்கை பிறவியில் இடது கைக்காரி. அதை மாற்றியது அம்மா. அம்மா மீன் விற்கிறாள், மீன் கடையில் போணி என்பது பெரிய விஷயம். காலையில் நடக்கும் முதல் வியாபாரத்தில் மீனைப் பீச்சாங்கையால் கொடுத்தாலோ காசைப் பீச்சாங்கையால் வாங்கினாலோ அன்றைய நாள் போயிற்று என்பார்கள். மீன் விற்கும் பலகைக்குப் பக்கத்தில் வளரும் பிள்ளை எந்த நேரத்தில் எந்தக் கையை நீட்டும் என்று சொல்ல முடியாது. அதனால் அவள் நடக்க ஆரம்பித்ததிலிருந்தே இடது கை விரல்களில் வேப்பெண்ணெய் தடவி வைத்தாள் அம்மா. சாப்பாடு, எழுத்து, சீப்பு, எல்லாம் வலது கைக்கு வந்துவிட்டன. கண்ணில் எண்ணெய் தடவ முடியாது அல்லவா, அது இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது.

இடது கைத் துப்பாக்கி சுலபத்தில் கிடைக்காது. கிடைத்தாலும் நிற்பது, தாங்குவது, விசையை அழுத்துவது எல்லாவற்றையும் முதலிலிருந்து பழக வேண்டும். செலக்‌ஷனுக்கு மூன்று மாதம்கூட இல்லை. பல நாள் யோசித்து, வலது கைத் துப்பாக்கியே போதும், ஒட்டும் அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். அந்த நாட்களில் யாராவது ஒருவர் எதிரில் உட்கார்ந்து, "நீ சொல்றது தப்பு," என்று சொல்ல மாட்டார்களா என்று இருந்தது.

கடை தி.நகரில், துணிக்கடைக் கூட்டத்தைத் தாண்டி ஒரு மாடியில் இருந்தது. சனிக்கிழமை, மீன் விற்று முடித்துக் குளித்துவிட்டு, கழுத்தெல்லாம் பவுடர் போட்டுக்கொண்டு அம்மாவும் வந்தாள். கடைக்காரர் தென்மாவட்டத்து ஆள், பொறுமையானவர். நான் சொன்ன விவரங்களைக் கேட்டுக்கொண்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இம்மாத்தூண்டு கீது?" என்றாள் அம்மா. "வளர்ற புள்ள நைனா. ரெண்டு சைஸ் பெருசாக் குடு. யூனிஃபார்மே அப்டித்தான் எடுப்போம்."

"அடியில மடிச்சுத் தைக்க இது பாவாடை இல்லையேம்மா," என்றார் அவர்.

அம்மா சிரித்துவிட்டாள். தங்கை துப்பாக்கியை எடுத்து வலது தோளில் வைத்தாள். முழங்கை அளவு சரியாக இருந்தது. கனமும் சரி. கன்னக் கட்டையை ஏற்றி இறக்கிக் காட்டினார். நான் படித்தது எல்லாம் ஒவ்வொன்றாகச் சரிவந்ததில் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிமிர்வு.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் கீது," என்றாள் தங்கை. அவள் கண் சுவரில் தொங்கிய இன்னொரு துப்பாக்கியில் இருந்தது. "அண்ணா, அது இன்னா, கட்டை அந்தாண்ட பக்கம் வளைஞ்சிருக்கு?"

"அது எடது கைக்கும்மா. கே.கே. நகர்ல ஒருத்தர் மகனுக்குன்னு சொல்லி வரவழைச்சாரு. பையன் கிரிக்கெட்டுக்குப் போயிட்டான். ரொம்ப நாளா தொங்குது."

"எடுத்துப் பாக்கட்டா?"

அவர் எடுத்துக் கொடுத்தார். துப்பாக்கி அவள் இடது தோளுக்குப் போய் உட்கார்ந்தது. கன்னம் இறங்கியது. இரண்டு கண்ணும் திறந்தே இருந்தன. அவள் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள்.

"அக்கா, மூடவே வேணாம்க்கா," என்றாள், கன்னத்தை எடுக்காமலே. "எனக்கு இதான் வேணும்."

"இதெல்லாம் மொதல்லேர்ந்து பழகணும். இந்த வருஷ செலக்‌ஷன் போயிடும்."

"போனா போவட்டும்."

"உனக்குத் தெரியாதுடி."

"எனக்குத் தெரியாதா? ஒரு வருஷமா கண்ணுல ஒட்டுப் போட்டுக்கினு நிக்கிறது நானா, நீயா?"

கடைக்காரர் துணியை எடுத்து மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தங்கையின் இடது கை விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது விசையின் மேல் இருந்தது. அம்மாவின் அந்த நம்பிக்கையை எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறேன். அன்றைக்கு, அம்மா அதைச் சொல்லி இதை நிறுத்திவிட்டால் நல்லது என்று காத்திருந்தேன்.

அம்மா கடைக்காரரிடம் திரும்பினாள்.

"ஏன் நைனா, காலைல போணி ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சும்மா. கடை தொறந்ததுமே ரெண்டு டப்பா குண்டு போச்சு."

"அப்ப இன்னாத்துக்கு யோசிச்சுக்கினு நிக்கிற? கட்டிக் குடு." பிறகு என்னிடம், "துட்ட மட்டும் நீ சோத்தாங்கையால குடு," என்றாள்.

தங்கை துப்பாக்கியை இறக்கிவிட்டுச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். நான் தயார் செய்து வைத்திருந்த பேச்சு எதற்கும் வேலை இல்லை. வலது கையால் கார்டை நீட்டினேன். அடையாள அட்டை கேட்டார், அதையும் வலது கையாலேயே கொடுத்தேன்.

கீழே ஆட்டோ பிடித்தோம். துப்பாக்கிப் பெட்டி குறுக்கே போகவில்லை. சாய்த்து வைத்தால் இரண்டு பேருக்குத்தான் இடம் இருந்தது. "நான் பஸ்ல வர்றேன்," என்றேன். "சரி, பாத்து வா," என்றாள் அம்மா. ஆட்டோ கிளம்பும்போது இருவரும் பெட்டியைப் பிடித்தபடி ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன என்று கேட்கவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தது. லஸ் வரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து, எங்கள் வீட்டில் என்னைக் கேட்காமல் எடுத்த முதல் முடிவு இதுதான் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். தங்கை சரியாகத்தான் எடுத்திருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

பயிற்சியாளர் முதலில் முகம் சுளித்தார். நான் சொன்னதுபோலவே அவளுடைய குண்டுகள் அட்டையெங்கும் சிதறின. செலக்‌ஷனுக்கு அவள் பெயர் கொடுக்கவில்லை. வீட்டில் யாரும் அதற்காக வருத்தப்படவும் இல்லை. மழைக்காலம் முடியும்போது குண்டுகள் நடுவில் சேர ஆரம்பித்தன. ஒருநாள் பெட்டியைத் திறந்து கன்னக் கட்டையைத் தொட்டுப் பார்த்தேன். "கை வெக்காதக்கா, மாறிடும்," என்றாள் தங்கை. கோபம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். எந்தக் குண்டு வாங்குவது, எப்போது சர்வீஸ் கொடுப்பது எல்லாம் அவளே கடைக்காரரிடம் போனில் பேசிக்கொள்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கூடப் போகிறேன். வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்குப் பின்னால் பெற்றோர் உட்கார ஒரு நீண்ட பெஞ்சு உண்டு. வலது தோளில் வைத்துச் சுடுகிறவர்கள் எல்லோரும் உடம்பை வலப்பக்கம் திருப்பித்தான் நிற்பார்கள். அதனால் பெற்றோர் எல்லோரும் பெஞ்சின் வலது ஓரத்தில் நெருக்கியடித்து உட்காருவார்கள். அங்கிருந்து பார்த்தால்தான் பிள்ளையின் முகம் தெரியும். நானும் சில வாரங்கள் பழக்கத்தில் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மற்ற பிள்ளைகளின் முகங்கள் தெரிந்தன, என் தங்கையின் முதுகு தெரிந்தது.

பிறகு எழுந்து மறு ஓரத்துக்குப் போனேன். அந்தப் பக்கம் யாரும் உட்காருவதில்லை, பேச்சுத்துணைக்கு ஆளும் இல்லை. எனக்கு முன்னால் மற்ற பிள்ளைகள் எல்லோரும் முதுகைக் காட்டி நிற்க, அவள் மட்டும் என் பக்கம் திரும்பி நின்றாள். ஒவ்வொரு முறை சுட்டு முடித்துத் துப்பாக்கியை இறக்கும்போதும் அவள் முகம் முழுதாகத் தெரியும். உதடு லேசாகப் பிரிந்திருக்கும். என்னைப் பார்க்க மாட்டாள். அடுத்த குண்டைப் போட்டுக்கொண்டு மறுபடி கன்னத்தைச் சாய்ப்பாள்.