செப்பு அண்டாவும் துரையின் படகும்

என் தாய்மாமாவை நல்ல மனிதர் என்றுதான் திருமழிசையில் எல்லோரும் சொல்வார்கள். அவர் செத்தபோது ஊரே திரண்டு வந்தது. நானும் போய்ப் பெண்களோடு உட்கார்ந்து அழுதேன். கண்ணீர் வரவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். எனக்கு எட்டு வயது. பூந்தமல்லியில் பஸ்களுக்கு இன்ஜின் பார்த்துக்கொண்டிருந்த நைனாவை, ஒரு துரை தன் படகுக்கு மெக்கானிக்காக வைத்துக்கொண்டார். துரைக்குப் பட்டணத்தில் பெரிய கம்பெனி உத்தியோகம். ஆனால் உயிர் மட்டும் செம்பரம்பாக்கம் ஏரியில் கிடந்த அந்த விசைப்படகில் இருந்தது. ஏரி நிரம்பியதும் வெள்ளைக்காரர்கள் படகுப் பந்தயம் விடுவார்கள். இரண்டு வருஷமாக எங்கள் துரை இரண்டாவதாகத்தான் வந்தார். அந்த ஆத்திரத்தில் சீமையிலிருந்து ஒரு சூப்பர்சார்ஜரை வரவழைத்தார். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதுகிற கருவி அது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும், படகு பறக்கும். நைனா அதைத் துருத்தி என்றுதான் சொல்வார்.

இந்த முறை ஜெயித்தால் கம்பெனி ஒர்க்ஷாப்பில் மேஸ்திரி வேலை என்று துரை வாக்குக் கொடுத்திருந்தார். மேஸ்திரிக்குக் குடியிருக்க ஓட்டு வீடு உண்டு. எங்கள் கூரை மழைக்கு ஆறு இடத்தில் ஒழுகும். போகாத வீட்டில் அடுப்பை எந்த மூலையில் போடுவது என்பதுவரை அம்மா முடிவு செய்துவிட்டாள்.

துருத்தியை மாட்டிய அன்றே இன்ஜின் முரண்டு பிடித்தது. வேகம் கூட்டினால், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். நைனா ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் இன்ஜினுக்குச் சுகம். இது சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. உள்ளே சூடு தாங்கவில்லை, இப்படியே ஓட்டினால் பிஸ்டன் பொத்துக்கொள்ளும் என்றார். அதற்கு இரண்டு வைத்தியம் சொன்னார். இன்ஜினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே கனமான செப்புத் தகடு ஒன்றை வைத்து, உள்ளே கொஞ்சம் இடம் விடவேண்டும். பெட்ரோலில் ஸ்பிரிட், அதாவது சுத்தச் சாராயம், கலந்து சூட்டைத் தணிக்கவேண்டும்.

தகடு சீமையிலிருந்து வருவதற்குள் பந்தயம் முடிந்துவிடும். நைனா வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. அம்மா கல்யாணச் சீராகக் கொண்டுவந்திருந்த செப்பு அண்டாவின் அடிப்பக்கத்தை விரலால் தட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று வெளியே கொண்டுவந்து வைத்தாள். வெட்டப்போகிற பாத்திரத்தை எதற்கு அப்படித் தேய்த்தாள் என்று நினைத்துப் பார்த்தால் இப்போதும் மனசு கசக்கிறது.

நைனா அதை வெட்டி, பழுக்கக் காய்ச்சி, தட்டி, ஓட்டைகள் போட்டு, ஒரு வாரம் அரம் வைத்து ராவினார். சமையல் பாத்திரத்தையா என் இன்ஜினில் வைக்கிறாய் என்று துரை சிரித்தாராம். ஆனால் ஓட்டிப் பார்த்தபோது சத்தம் போன இடம் தெரியவில்லை. நைனா அந்தப் பிளக்கை வீட்டுக்கே கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினார். காப்பிப்பொடி நிறம். அதற்கு முன்னும் பின்னும் நைனா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஸ்பிரிட் துரை பர்மிட்டில் வாங்கியது. தொட்டால் போலீஸ். படகு ஷெட்டு வாட்ச்மேன் குடிகாரன் என்று நைனா டின்னை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்தார். அதாவது, வாட்ச்மேனிடமிருந்து காப்பாற்றி என் மாமாவிடம் ஒப்படைத்தார். மாமா அப்போது வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு எங்கள் வீட்டில்தான் எட்டு மாதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பந்தயத்துக்கு முதல் நாள் மாமா என்னைக் கூப்பிட்டார்.

"நைனா டின்ன ரொப்பி வெக்க சொல்லிக்கீது. ஒரு சொம்பு தண்ணி மொண்டுகினு வா."

ஒன்று போதவில்லை, நான் மூன்று சொம்பு கொண்டுவந்தேன். புனலைப் பிடித்துக்கொண்டதும் நான்தான். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. மாமா கடலை உருண்டை வாங்கித் தந்தார். யாரிடமும் சொல்லாதே என்றுகூடச் சொல்லவில்லை. அவ்வளவு தைரியம், இல்லாவிட்டால் அவ்வளவு மடத்தனம்.

மறுநாள் நைனா என்னையும் சைக்கிளில் வைத்து ஏரிக்குக் கூட்டிப்போனார். மற்ற நாட்களில் கலப்பதற்கு முன், சுத்தமானதுதானா என்று ஒரு கரண்டி ஸ்பிரிட்டை எரித்துப் பார்ப்பாராம். அன்று பார்க்கவில்லை. தன் கட்டிலுக்கடியில் இருந்த டின்னை யார் சந்தேகப்படுவார்கள்? இன்ஜின் பக்கத்தில் அவர் குந்துகிற இடத்தில் அன்று துரையின் நண்பர் தொப்பியோடு உட்கார்ந்துகொண்டார். நைனாவைக் கரையிலேயே நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

படகு கிளம்பியதும் இரண்டு தரம் இருமியது. துரை கோபத்தில் வேகத்தை முழுக்கக் கூட்டினார். உடனே அந்தக் கூழாங்கல் சத்தம். எனக்கே கேட்டது. நைனா கைகளை ஆட்டிக்கொண்டு கரையோரம் ஓடினார். துரை திரும்பிப் பார்க்கவில்லை. நடு ஏரியில் படகு வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு நின்றுபோயிற்று. மீன் பிடிக்கிறவர்கள் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பிஸ்டனில் விரல் நுழைகிற அளவு ஓட்டை. காரணத்தை நாளைக்குச் சொல்லவேண்டும் என்று துரை உத்தரவு போட்டார்.

நைனா படகு டாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தார். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றது. பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்தால் அப்படித்தான் அடியில் பிரிந்து நிற்கும். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் டின்னை யார் தொட்டது என்று கேட்டார்.

"மாமாதான் ரொப்பிச்சு. நான்தான் தண்ணி மொண்டாந்தேன், நைனா."

பெருமையாகத்தான் சொன்னேன். மாமா புழக்கடைப் பக்கம் எழுந்து போனார். அம்மா என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். கதவிடுக்கில் அவள் குரல் கேட்டது.

"அவன ஜெயில்ல தள்ளிடாதய்யா. என் கூடப் பொறந்தது அவன் ஒர்த்தன்தான்."

மாமா குடித்துத் தீர்த்த ஸ்பிரிட்டுக்குப் பதில்தான் அந்தத் தண்ணீர் என்பது தெரியாததால், எதற்கு ஜெயில் என்று எனக்கு விளங்கவில்லை. டின்னை ரொப்பியது நல்ல காரியம்தானே. பிறகு நைனா வெளியே வந்து, அந்தப் பாட்டிலை வாசலில் கவிழ்த்தார்.

மறுநாள் துரையிடம் போய், செப்புத் தகடுதான் தப்பு, என் கணக்குப் பிசகிவிட்டது என்று சொன்னார். துரைக்கு அது போதும். அன்றைக்கே சிரித்தவர்தானே. தகட்டை ஷெட்டுக்கு வெளியே வீசி, நைனாவையும் போகச் சொல்லிவிட்டார். நைனா வருவதற்கு முன்பே சேதி தெருவுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

மத்தியானம் நைனா தகட்டோடு வந்தார். அதில் ஒரு கீறல்கூட இல்லை. மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா அவருக்கு இரண்டாம் தரம் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவமானத்தில் எனக்கு அழுகை முட்டியது.

"உனக்கு வேல தெரியாதா, நைனா?"

சோற்றைப் பிசைந்த மாமாவின் கை நின்றது. அம்மா தலை நிமிரவில்லை. நைனா அந்த இரண்டு பேரையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தெரியல, கண்ணு."

மாமா மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தார். நான் நைனா சொன்னதை நம்பினேன். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்பதற்கு முன்பே, எங்கள் நைனாவுக்கு வேலை தெரியாது என்று நானே சொல்லிவிடுவேன். அப்புறம் யாரும் அவரிடம் இன்ஜின் கொடுக்கவில்லை. குமணன்சாவடியில் சைக்கிள்களுக்குப் பஞ்சர் ஒட்டியே காலத்தைத் தள்ளினார். அம்மா அந்தத் தகட்டைத் தண்ணீர்ப் பானைக்கு மூடியாக வைத்தாள். ஓட்டை வழியாகப் பூச்சி விழுந்தாலும் அவள் அதை மாற்றவில்லை.

ஒரு சொல்லில் அவர் என் வாயை அடைத்திருக்கலாம். நீ கொண்டுவந்த தண்ணீர்தான் என்று சொல்லியிருந்தால் போதும். மாமாவுக்காகத்தான் அவர் பழியை ஏற்றுக்கொண்டார் என்று வளர்ந்த பிறகும் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். புனலைப் பிடித்த கை என்னுடையது என்பது உறைத்தபோது, மன்னிப்புக் கேட்க நைனா இல்லை.