தம்ரூட் வழக்கும் ஸ்லோவாகியாவும்

டெக்சாஸின் ரிச்சர்ட்சனில் டெலிகாம் கம்பெனிகள் ஆட்களைக் கொத்துக்கொத்தாக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த சமயம், என் மனைவி பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். வேலை போன எனக்குச் சமையல். அவளுக்குப் போலந்தும் ஸ்லோவாகியாவும். கம்யூனிசம் போன பிறகு அந்த இரண்டு அண்டை நாடுகளிலும் அரசு வழக்கறிஞர்கள் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதை அவள் வகுப்பில் ஒப்பிட்டுப் பேச வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மூன்று குடும்பங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். பிரியாணி முடிந்து, நான் செய்த தம்ரூட்டை எடுக்கப்போனால் தட்டில் பாதிதான் இருந்தது. ரவையை நெய்யில் குளிப்பாட்டி, ஓவனில் வைத்து, மதியம் முழுக்க நான் காவல் காத்த இனிப்பு.

மனைவிக்கு அது நல்ல வாய்ப்பாகப் பட்டது. "யாரும் எழுந்திரிக்காதீங்க. என் ப்ரெசென்டேஷனை இதை வச்சே ப்ராக்டிஸ் பண்ணிக்கிறேன்," என்றாள்.

முதலில் போலந்து. அங்கே நீதித்துறை அமைச்சரே தலைமை அரசு வழக்கறிஞர். "இந்த வீட்டுல அமைச்சர் நான். அதனால கேஸ் போடுறதும் நான்தான்," என்று ஒவ்வொருவர் கையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பக்கத்து ஊரான பிளேனோவிலிருந்து வந்திருந்த பல் டாக்டர் அங்கிளின் விரல்களில் நெய் மினுங்கியது. வழக்கு அவர் மேல் விழுந்தது.

"அமைச்சரே கேஸ் போட்டா, பிடிக்காதவன் மேலதானேம்மா போடுவாங்க? இதுல நியாயம் எங்க இருக்கு?" என்றார் அங்கிள், மிகுந்த வருத்தத்துடன்.

"கரெக்ட் அங்கிள். அந்த சிஸ்டத்துல எல்லாரும் சொல்ற குறையே அதுதான்," என்று மகிழ்ந்துபோய் அவள் ஸ்லோவாகியாவுக்குத் தாவினாள். அங்கே அந்தப் பதவிக்கு நாடாளுமன்றம் ஆளைத் தேர்ந்தெடுக்கும், ஜனாதிபதி நியமிப்பார், அமைச்சர் தலையிட முடியாது. நாங்கள்தான் நாடாளுமன்றம். இருப்பவர்களில் மூத்தவர் என்று எல்லோரும் அங்கிளுக்கே கை தூக்கினோம். அவர் மனைவி மட்டும் எதிர்த்து ஓட்டுப் போட்டார்.

பதவிக்கு வந்ததும் அங்கிள் தன் மேலிருந்த வழக்கை ஆதாரம் போதாது என்று மூடினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, சமைச்சது நீங்க. கிச்சன்ல தனியா இருந்ததும் நீங்க. டேஸ்ட் பண்ணாமலா இருந்திருப்பீங்க?"

"பண்ணேன் அங்கிள். ஒரே ஒரு துண்டு."

"ஒத்துக்கிட்டாரு. எழுதிக்கம்மா."

மனைவி நிஜமாகவே எழுதிக்கொண்டாள். தண்டனையாகப் பாத்திரம் அத்தனையும் நான் கழுவ வேண்டும் என்று அங்கிள் அறிவித்தார். தீர்ப்புச் சொல்வது வழக்கறிஞர் வேலையில்லை என்று நான் எடுத்துச் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கழுவினேன்.

வகுப்பில் அவள் இந்தக் கதையையே சொன்னாளாம். பேராசிரியர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். நல்ல மதிப்பெண் வந்ததும் அங்கிளுக்குப் போன் செய்தாள்.

"அப்ப நான் எப்பம்மா ரிசைன் பண்ணணும்?" என்று கேட்டார்.

அது வருடக்கணக்கில் ஓடும் பதவி, அமைச்சராக இருக்கும் தன்னால்கூட அவரை இறக்க முடியாது என்று அவள் விளக்கினாள். அவர் உடனே தன் மனைவியைக் கூப்பிட்டு இதை ஸ்பீக்கரில் இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.