தர்சினியின் டெலிவரி முறை

எங்கள் ஒன்லைன் கடையில் நெடுந்தீவுக்கு டெலிவரி சேர்ப்பது முதலில் என் வேலை. கடையின் இணையத்தளத்தை ஆக்கியவர்களின் கணினி நிரலுக்குள்ளேயே கைவைத்து எழுதினேன். அடுத்த அப்டேட் வந்து அத்தனையையும் துடைத்துக்கொண்டு போனது.

கடைக்காரர் அண்ணை அந்த வேலையைப் புதிதாகச் சேர்ந்த தர்சினியிடம் கொடுத்துவிட்டார்.

அவள் உள்ளே எதையும் தொடவில்லை. தனியாகச் சின்ன நிரல் ஒன்று எழுதி, ‘இது டெலிவரி முறை’ என்று ஒரு டேக் மட்டும் ஒட்டினாள். அந்த டேக் இருப்பதையெல்லாம் தளம் தானே தேடிப் பிடித்து வேலை வாங்குமாம்.

"படகில போற ஆக்களிட்டக் குடுத்து விடுறதெண்டு போட்டிருக்கிறன் அண்ணை. எங்கட வழமைதானே" என்றாள்.

"கெட்டிக்காரி" என்றார் அண்ணை. அந்தச் சொல் என் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை.

எங்காவது பிழை இருக்காதா என்று நேற்று முழுக்க அவளுடைய நிரலைக் கிண்டினேன். கிடைக்கவில்லை.

இன்று காலை குறிகட்டுவான் துறையில் படகுக்கு நிற்கிறேன். அண்ணை மோட்டார்சைக்கிளில் வந்து நின்றார்.

"நீர் நெடுந்தீவுக்கே?"

"ஓம் அண்ணை, ஒரு கலியாணவீடு."

"நல்லதாப் போச்சு. இதையும் கொண்டு போம். தர்சினியின்ர முறையில வந்த முதல் ஓடர்."

படகேறப் போகிறவன் பொதி வாங்க மாட்டேன் என்று சொல்வது இங்கே வழக்கமில்லை. வாங்கிக்கொண்டேன்.

என் மேல் டேக் ஒட்டியது யார் என்றுதான் தெரியவில்லை.

இப்போது நடுக்கடல். பொதி என் மடியில். படகு நன்றாக ஆடுகிறது.

கை தவறி விழுந்தால் பிழை அவளுடைய நிரலில்தானே? விஷயம் தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கள், கரை தெரிகிறது.