ஒப்பாக் மஞ்சள்

எனக்குச் சைக்கிளை மெதுவாக ஓட்ட வராது. வந்திருந்தால் அந்த இறக்கை முறிந்திருக்காது. வில்லியனூர் ரோட்டில் ஒரு கரும்பு வண்டியை முந்துகிற அவசரத்தில், கேரியரில் குறுக்காகக் கட்டியிருந்த எங்கள் பொம்மை விமானத்தின் இரண்டு முழ இறக்கையை மறந்தே போனேன். அதன் முனை கரும்புக் கட்டில் மாட்டியது. மேலே ஒட்டியிருந்த காகிதம் கிழிந்ததைக் கண்ணால் பார்த்தேன். உள்ளே நடுச்சட்டம் ‘படக்’ என்றதைக் காதால் கேட்டேன்.

விமானம் எனக்கும் என் வகுப்புத் தோழனுக்கும் பொது. ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து இருவரும் செய்தது. சின்ன டீசல் என்ஜின். இரண்டு மெல்லிய கம்பிகளைக் கையில் பிடித்து நடுவில் நின்றால் நம்மைச் சுற்றி வட்டமடிக்கும். ஞாயிற்றுக்கிழமை கல்லூரி மைதானத்தில் என்.சி.சி. தேர்வு. நன்றாக ஓட்டுகிறவன் ஒருவன் மட்டும் மெட்ராஸ் முகாமுக்குப் போவான். அந்த ஒருவன் நான்தான் என்று எனக்குள் எப்போதோ முடிவாகிவிட்டது.

தோழன் வீட்டுக்குப் போகாமல் அப்படியே திரும்பி வந்தேன். சட்டத்துக்குப் பசை போட்டு, மூங்கில் சிம்பு வைத்து, நூல் சுற்றினேன். மறுநாள் அவனிடம் “பேப்பர் கிழிஞ்சிடுச்சிடா” என்று மட்டும் சொன்னேன்.

பிரான்சிலிருந்து லீவில் வந்திருந்த பெரியப்பா எனக்காக இரண்டு சுருள் கொண்டுவந்திருந்தார். இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தாள். சிவப்பு, கண்ணாடி மாதிரி. பின்னால் விரலை வைத்தால் நகம் தெரியும். மஞ்சளில் ஒன்றும் தெரியாது. அதன் உறையில் ‘ஒப்பாக்’ என்று போட்டிருப்பதாகப் பெரியப்பா படித்துச் சொன்னார்.

“இன்னாடா அது ஒப்பாக்கு? ஒப்பாரி மாதிரி கீது” என்றான் தோழன்.

“ஒளி ஊடுருவாததுடா. ஒம்பதாங்கிளாஸ் பாடம்.”

“செவப்பு போடலாம்டா. வெயில்ல எலும்பெலும்பா தெரியும். நாம செஞ்சதுதானே, தெரியட்டுமே.”

“மேல போனா செவப்பு கண்ணுக்கே தெரியாது.”

“அம்பது அடி கம்பியில சுத்துறது தெரியாதா? ஒன் கண்ணு இன்னா ஆயா கண்ணா? மஞ்சா கனம் வேற, பாரு.”

அவன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் அவன் யோசித்துப் பேசுகிறவன். நான் மூன்று காரணம் சொல்லி முடிக்கும்போது அவன் முதல் காரணத்துக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருப்பான். அதற்குள் கத்தரிக்கோல் மஞ்சளில் இறங்கிவிட்டது.

பஸ் நிறுத்தத்துக்கு அருகில் இஸ்திரி வண்டி வைத்திருந்த அக்காவிடம் இறக்கையைக் கொண்டுபோனேன்.

“ஏரோப்ளேனுக்கு சட்டையா தம்பி? காட்டன் சூடா, டெர்லின் சூடா?”

தெரியாமலே “டெர்லின்” என்றேன். அதுதான் சரியாக இருந்தது. கரிப்பெட்டியின் சாம்பல் விழாமல் மேலே பழைய வேட்டித் துண்டு போட்டு அவர் தேய்க்கத் தேய்க்க, சுருக்கமெல்லாம் தானே இழுத்துக்கொண்டு தாள் மேளத்தோல் போல விறைத்தது. என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

“இன்னா கண்ணு, தலை சுத்துது எனக்கு, நில்லு. ஜோரா ஒட்டிக்கிச்சி பாரு. உள்ள கீறது ஒண்ணும் தெரியல.”

ஞாயிற்றுக்கிழமை. பறக்கவிடுவதற்கு முன் ஒவ்வோர் இறக்கையையும் உள்சட்டம் தெரிய வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பது எங்கள் என்.சி.சி. சாரின் வழக்கம். எங்களுடையதையும் தூக்கினார்.

“இன்னாப்பா, இருட்டா கீது?”

“ஒப்பாக் சார்.”

“சரி, பாக்க நல்லாத்தான் கீது” என்று சொல்லிக் கைப்பிடியை என்னிடம் கொடுத்தார்.

விமானம் கிளம்பியது. தரைக்குச் சமமாகவே சுற்றினேன். இறக்கை கம்பியை இழுக்கிற ஒவ்வொரு இழுப்பும் என் தோளில் தெரிந்தது. “லூப் போடுடா! கோயில் பிரதட்சணமா வர்ற?” என்று சார் கத்தினார். மணிக்கட்டை மடக்கினால் போதும், விமானம் மேலேறிக் கரணம் போடும்; மடங்கவில்லை. மெதுவாக ஓட்டவே வராத நான் அன்றைக்கு எண்ணெய் தீரும்வரை மெதுவாக ஓட்டி இறக்கினேன்.

அடுத்தது தோழன். கைப்பிடியை வாங்கும்போது காதோடு சொன்னான்: “நான் மூணு லூப் போடப் போறேன், பாரு.”

“போடாதடா.”

“ஏன்?”

காற்று அதிகம், என்ஜின் சரியில்லை என்று இரண்டு பொய்கள் நாக்கு நுனியிலேயே இருந்தன. அவன் சிரித்துக்கொண்டே வட்டத்தின் நடுவுக்கு நடக்கத் தொடங்கிவிட்டான்.

“நடுச்சட்டம் ஒடஞ்சிக்கீதுடா” என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

அவன் திரும்பி வந்தான். பிளேடால் இறக்கையின் அடிப்பக்கம் மஞ்சளைச் சதுரமாக அறுத்தான். மூங்கில் சிம்பும் நூலும் தெரிந்தன. சார் குனிந்து பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. “இது பறக்காது. அடுத்த ஆளு” என்றார்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெகுதூரம் வந்தோம். நான் முன்னால் போய்விடுவதும் நின்று காத்திருப்பதுமாக இருந்தேன்.

“கட்டு நல்லாத்தான் கட்டிக்கீற” என்றான் கடைசியில். “என்கிட்ட சொல்லியிருந்தா புதுச் சட்டமே போட்டிருக்கலாம். ஒப்பாரின்னு அன்னிக்கே சொன்னேனே.”

அடுத்த வாரம் புதுச் சட்டம் போட்டோம். அறுத்த சதுரத்தை மூட மஞ்சள் போதுமான அளவு மீதியிருந்தது. அவன் என்னைக் கேட்காமல் சிவப்பை வெட்டினான்.